நான் இல்லாத ஒத்திகை

அன்று சுருதி கூட்டும் வேலை ஒரே தடவையில் முடிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை. ஹம்பேர்க்கில் அந்த வாரம் முழுவதும் மழை. ஆல்டோனாவில் ஒரு தேவாலயத்தின் பின்புறம் உள்ள மண்டபத்தில்தான் எங்கள் இசைக்குழு ஒத்திகை பார்க்கும். நான் குடையை உதறிக்கொண்டு உள்ளே போனபோது எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். ஓபோக்காரர் தன் குழலில் ஒற்றைச் சுரத்தை நீட்டி ஊதினார். வயலின்கள் அதை வாங்கின. பிறகு வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள், கடைசியாக, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செலோ. எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஒருத்தி மட்டும் முறுக்காணியைத் திருகினாள். முதல் வயலின் வாசிப்பவள், உல்ரிக்க என்று பெயர். முகத்தைச் சுளித்து, தந்தியை விரலால் இழுத்துவிட்டு, மறுபடி திருகி, ஒருவழியாகச் சரிசெய்த பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். தொடங்கலாம் என்று பொருள்.

நான் தொடங்கவில்லை. ஜன்னல்களைப் பார்த்தபடி நின்றேன். கண்ணாடிகளின் உட்புறம் ஆவி படிந்து வழிந்துகொண்டிருந்தது.

இதில் என்ன வில்லங்கம் என்று வாசகருக்குத் தோன்றலாம். எங்களுடையது பழைய கால ஐரோப்பிய இசையை அந்தக் கால வாத்தியங்களிலேயே வாசிக்கும் குழு. எங்கள் வயலின்களில் இரும்புத் தந்தி கிடையாது. ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த தந்தி. அது காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும், சூட்டில் காய்ந்து சுருங்கும். மழைத் தெருவிலிருந்து சூடான மண்டபத்துக்குள் வந்த வயலின் லேசில் அடங்காது. கூட்டிய சுருதி நாலு அடி வாசிப்பதற்குள் இறங்கிவிடும். திட்டுவார்கள், திருகுவார்கள், தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி திருகுவார்கள். மழைநாள் ஒத்திகை இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அன்று அது நடக்கவில்லை. என்றால், அந்தத் தந்திகள் அந்த அறைக்கு ஏற்கெனவே பழகியிருந்தன. ஜன்னலில் படிந்திருந்தது பலருடைய மூச்சு. நான் வருவதற்கு முன் இவர்கள் இங்கே நெடுநேரம் வாசித்திருக்கிறார்கள்.

அப்படியானால் உல்ரிக்க ஏன் திருகினாள்? நடிப்பு என்று முடிவு கட்டினேன். எல்லாத் தந்தியும் சரியாக இருந்தால் நான் கவனித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கெட்டிக்காரி.

முன்னால் நிற்கும் ஆள்

ஆண்டையும் நாளையும் குறிக்காமல் எழுதுவது எனக்கு வழக்கமில்லை என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். முந்திய ஓர் அத்தியாயத்தில் நாங்கள் ஹனோவரிலிருந்து ஹம்பேர்க்குக்குக் குடிவந்தது வைகாசியில் என்று எழுதிவிட்டேன். ஆஹென் நகரிலிருந்து படிக்கும் ஒரு வாசகர், அதே பகுதியில் நான் வர்ணித்திருந்த பனியைச் சுட்டிக்காட்டி, வைகாசியில் ஏது பனி என்று கேட்டிருந்தார். அவர் சொன்னதே சரி. அது மாசி. ஆனால் இந்த அத்தியாயத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். உயிர்த்த ஞாயிறு என்னும் ஈஸ்டருக்கு முந்திய வாரங்கள் என்பது போதும்.

அந்தக் குழுவை நடத்துகிறவன் நான். நான் எந்த வாத்தியமும் வாசிப்பதில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்று கையால் தாளமும் வேகமும் காட்டுவேன், எங்கே அடங்கவேண்டும், எங்கே எழவேண்டும் என்று காட்டுவேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த இசை எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஓர் ஆள் கிடையாது. நான் இந்தக் காலகட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன், ஆகவே நன்றாகத் தெரியும். முதல் வயலின் வாசிப்பவரோ செம்பலோ வாசிப்பவரோ வாசித்துக்கொண்டே குழுவை நடத்துவார். செம்பலோ என்பது பியானோவுக்கு மூத்தது. வீணையை மேசைக்குள் படுக்கவைத்து, இறகுகளால் மீட்டியதுபோல ஒலிக்கும். ஆக, வில் முதல் தந்தி வரை எல்லாமே அந்தக் காலத்தில் இருந்தபடி என்று பெருமைப்படும் எங்கள் குழுவில், அந்தக் காலத்தில் இல்லாத ஒரே பொருள் நான்தான்.

தொடக்கத்தில் நானும் செம்பலோவில்தான் இருந்தேன். குழு பெரிதானபோது, சில இடங்களில் எழுந்து நின்று கை காட்டவேண்டி வந்தது. பிறகு பல இடங்களில். பிறகு உட்காரவே இல்லை. செம்பலோவுக்குக் கச்சேரிதோறும் வெளியிலிருந்து ஒருவரை அழைத்தோம்.

குழு ஒரு சங்கமாகப் பதிவுசெய்யப்பட்டது. வாசிப்பவர்களே உறுப்பினர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, நடத்துநராக இருப்பவர் தொடரவேண்டுமா என்று அவர்களே வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் கச்சேரிக்குப் பிறகு வாக்கெடுப்பு. ஐம்பதைக் கடந்தவனுக்கு, பார்த்தால் இந்த ஊர்க்காரனாகத் தெரியாதவனுக்கு, இன்னொரு குழு கிடைக்காது. அதில் எனக்கு மயக்கம் எதுவும் இருந்ததில்லை.

ஊர் கேட்பவர்கள்

சந்தேகம் எனக்கு வீட்டில் கிடைத்தது. அகதி விடுதியில் நாங்கள் இருந்த காலத்தில் புதிதாக வரும் எந்தத் தமிழரும் முதலில் கேட்பது, "நீங்கள் எந்த ஊர்?" என்பதுதான். அப்பா சிரித்துக்கொண்டே யாழ்ப்பாணம் என்பார். "யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?" என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். கேட்டவர் போன பிறகு அம்மாவிடம் சொல்வார், "உவன் ஆரின்ரை ஆளோ தெரியேல்லை. பிள்ளையளைக் கதைக்க விடாதை."

கேட்டவர்களில் பலர் வெறுமனே ஊரைக் கேட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் எல்லோரும் அல்ல; சிலர் இயக்கங்களுக்கோ அரசுக்கோ தகவல் சேர்த்தவர்கள். அப்பா அதை நினைத்துத்தான் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தார்.

தேவாலயங்களில் வாசிக்கும் ஓகன் என்ற பெரிய வாத்தியத்தை நான் பழகியதும் இந்த வழியில்தான். விடுதியில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்துத் தேவாலயத்தின் மேல்மாடத்தில் ஓகனுக்கு முன்னால் இருந்தால் யாரும் எனக்குத் தெரியாமல் பின்னால் வரமுடியாது. அங்கே சூடும் இருந்தது. பாட்டுக்கு நடுவே பாதிரியாரைப் பார்ப்பதற்கென்று ஓகனுக்கு மேலே ஒரு சிறு கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அதில் கதவும் தெரியும். வாசிக்கப் பழகியபோதே கதவைப் பார்க்கவும் பழகினேன்.

நடத்துநரின் தொழிலும் அதுதான். முகங்களைப் பார்ப்பது. யார் எண்ணுகிறார்கள், யார் எண்ணாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வாசிக்கிறார்கள், யார் கடுப்பில் இருக்கிறார்கள். எனவே அந்த வியாழனுக்குப் பிறகு எனக்குப் புதிதாக ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. இன்னும் கூர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

பார்த்ததெல்லாம் பொருந்தியது. நான் உள்ளே நுழைந்ததும் வயோலாக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் கேட்காமலே ஓரிடத்தில் எல்லோரும் ஒன்றாக அடங்கினார்கள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் வயலினைத் தவிர வேறு யார் சொல்லிக்கொடுக்கமுடியும்?

ஆரிலை சந்தேகம்?

வீட்டில் என் மனைவி ஜெசிந்தா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மன்னார்க்காரி. மருத்துவமனையில் தாதி. மனிதர்களைப் படுக்கையில் பார்த்துப் பழகியவளுக்கு என் சந்தேகங்களில் மரியாதை இல்லை.

"இந்த முறை ஆரிலை?" என்றாள்.

"உல்ரிக்கவிலை."

"போன வருசம் ஓபோக்காரரிலை. அதுக்கு முந்தி மண்டபத்துச் சாவி வைச்சிருக்கிற கிழவரிலை."

"இந்த முறை ஆதாரம் இருக்கு."

"என்ன ஆதாரம்?"

"சுருதி சரியா இருந்தது."

கத்தி நின்றது. "இஞ்சாருங்கோ, அவை வடிவா வாசிச்சதையும் குற்றமெண்டு பிடிக்கிறியளோ?"

நான் தந்தியையும் ஈரத்தையும் விளக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். வெங்காயத்தால்தான்.

"அப்ப நேரை போய்க் கேளுங்கோவன்."

"கேட்டா உசாராயிடுவினம்."

"ஓம், நீங்கள் கேக்காமலே இருங்கோ. அதுதான் உங்களுக்குச் சுகம்."

நான் மனம்விட்டுப் பேசியது ஒரே ஒருவனிடம். செலோ வாசிக்கும் மத்தியாஸ். இசைக் கல்லூரியிலிருந்தே என் சிநேகிதன். எங்கள் வீட்டில் கையால் சாப்பிடுவான். என் மைத்துனர்களிடமிருந்து பழகி என்னை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவான். மீதியெல்லாம் ஜேர்மனில் பேசுவான், ஆனால் அவன் பேச்சு என் தலைக்குள் எங்கள் தமிழில்தான் கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

எஸ்-பான் ரயிலில் திரும்பி வரும்போது அவனிடம் சொன்னேன். செலோப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், ஒண்டு சொல்லவே? உல்ரிக்க உனக்கு எதிராத்தான் கை தூக்குவாள். எனக்குத் தெரியும். மற்ற ஆக்களைப் பற்றி நீ யோசியாதை. அவையோடை நான் கதைக்கிறன்."

என் சந்தேகம் உறுதியானது. நிம்மதியாகக்கூட இருந்தது.

கொண்டக்டர் அண்ணை

ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாலாவின் கடை. யாழ்ப்பாணத்து ஆள், என்னைவிட இளையவர். மிளகாய்த்தூளும் முருங்கைக்காயும் வாங்கப் போனால் ஒரு நக்கலாவது சேர்த்துத்தான் தருவார்.

"வாங்கோ கொண்டக்டர் அண்ணை. டிக்கெட் புத்தகத்தைக் காணேல்லை?"

"நீர் முதலிலை முருங்கைக்காயைக் காட்டும்."

"அண்ணை, குறை நினையாதேங்கோ, ஒண்டு கேக்கட்டே? நீங்கள் ஒரு சாமானும் வாசிக்கிறேல்லைத்தானே?"

"இல்லை."

"கையை மட்டும் ஆட்டுறது."

"ஓம்."

"அப்ப ஒரு நாளைக்கு நீங்கள் போகாட்டி என்ன நடக்கும்?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்தேன்.

பாலா பையைக் கட்டிக்கொண்டே சொன்னார், "உங்கட பெரிய பெட்டிக்கார வெள்ளை இருக்கிறாரெல்லே? அந்தாள் நல்ல மனிசன். வியாழக்கிழமையிலை மத்தியானம் வந்து ஒரு பெட்டி நிறைய மீன் றோல்ஸ் கொண்டுபோறவர்."

மத்தியாஸ் நல்ல சாப்பாட்டுக்காரன். வியாழன் மத்தியானத்தையும் ஒரு பெட்டி றோல்ஸையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை. நாள், கிழமை பார்ப்பதில் என்னைப்போல் ஆள் இல்லை என்று சொல்லிக்கொள்பவன் நான். ஆனால் என் சந்தேகம் அப்போது வேறொரு வீட்டுக்கு முன்னால் காவல் நின்றது.

கையை இறக்கினேன்

கச்சேரிக்கு முந்திய கடைசி ஒத்திகையைத் தேவாலயத்துக்குள் வைத்தோம். அங்கே கல்லின் குளிர். வாயைத் திறந்தால் புகை வந்தது. செம்பலோவுக்கு வந்திருந்த பெண் விரல் நுனி இல்லாத கையுறை போட்டிருந்தாள்.

நாங்கள் வாசித்த இசையில் ஓரிடம் உண்டு. எல்லாம் ஓடிவந்து சட்டென்று நின்றுவிடும். மௌனம். அந்த மௌனத்தின் நீளம் எழுதப்பட்டிருக்காது. பிறகு எல்லோரும் ஒன்றாகத் தொடங்கவேண்டும். அந்தத் தொடக்கத்தை நான்தான் கொடுக்கவேண்டும். நான் கொடுக்காவிட்டால், யாராவது ஒருவர் மூச்சை இழுத்து, தலையை அசைத்து, மற்றவர்களைக் கூட்டிச்செல்லவேண்டும். ஒன்றாகப் பலமுறை வாசித்திருந்தால்தான் அந்த ஒருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். இசை நின்றது. நான் தாள் புரட்டுபவன்போல இரண்டு கைகளையும் இறக்கினேன். கண் உல்ரிக்கமேல்.

உல்ரிக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில் தந்திக்குச் சற்று மேலே அப்படியே நின்றது. புருவம் உயர்ந்திருந்தது. என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மற்ற யாரும் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் வலப்பக்கம் திரும்பியிருந்தன. அங்கே மத்தியாஸ் மூச்சை இழுத்துத் தாடையைத் தாழ்த்தினான். குழு முழுவதும் ஒரே உடம்பாகத் தொடங்கியது.

உல்ரிக்க மட்டும் பிந்தினாள். பிந்தியதும் முகம் சிவந்தாள்.

அப்போது எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. அந்த மழை நாளில் அவள் முறுக்காணியைத் திருகியது நடிப்பே அல்ல. அவள் வயலின் ஒன்றுதான் தெருவிலிருந்து நேரே வந்தது. ஒரு பெட்டி றோல்ஸ் யாருக்கு என்பதும் தெரிந்தது.

இடைவேளையில் மத்தியாஸைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"எவ்வளவு காலமா?"

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், லேசாக இருந்திருக்கும். "மச்சான், கோவிக்காதை. கனகாலமா உன்ரை கை தெளிவில்லை. வடிவா இருக்கு, சனம் ரசிக்குது. ஆனால் எங்களுக்கு எங்கை தொடங்கிறதெண்டு விளங்கேல்லை. அதுதான் நான் வியாழன் மத்தியானத்திலை ஆக்களைக் கூப்பிட்டுச் சரிப்பண்ணிறனான். உனக்காகத்தான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா உடைஞ்சுபோவாய்."

"உல்ரிக்க?"

"அவள் வரமாட்டனெண்டிட்டாள். முதலிலை உனக்குச் சொல்லவேணுமாம், இல்லாட்டி வரமாட்டாளாம். அவளைத் தெரியும்தானே, எல்லாத்திலையும் சட்டம்." என் தோளில் கைவைத்தான். "வாக்கெடுப்பைப் பற்றி யோசியாதை. எல்லாரோடையும் கதைச்சிட்டன். நீதான் இருப்பாய்."

தோளில் இருந்த கை சூடாக இருந்தது. அந்தக் குளிரில் அது இதமாகவும் இருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.

வேண்டும் என்பவர்கள்

கச்சேரி நன்றாக நடந்தது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் குனிந்து வணங்கியபோது, யார் செய்ததற்கு நான் குனிகிறேன் என்ற கேள்வியும் கூடவே குனிந்தது.

வீட்டில் ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப வாக்கெடுப்பிலை நீங்கள் வெல்லுவியள்."

"ஓம்."

"நீங்கள் அதிலை இருந்தால் ஆருக்கு லாபம்?"

என்னைச் சந்தேகக்காரன் என்பவள் அவள். நான் கேட்கத் தவறிய கேள்வியை அவள் கேட்டாள். முன்னால் ஒருவன் அழகாகக் கையாட்டிக்கொண்டு நின்றால், பின்னால் இருந்து நடத்துகிறவனை யாரும் தேடமாட்டார்கள். எனக்குப் பதில் இன்னொருவர் வந்தால், அவருடைய கை தெளிவாக இருந்துவிடலாம்.

அல்லது அவன் சொன்னது முழுவதும் உண்மையாக இருக்கலாம். சிநேகத்தால் செய்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதை எழுதும்போதும் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடவில்லை.

வாக்கெடுப்பு அதே ஆல்டோனா மண்டபத்தில். எங்கள் குழுவில் சீட்டு எழுதிப் போடுவதில்லை. வில்லை உயர்த்துவார்கள். ஊதுகிறவர்கள் தங்கள் குழலை உயர்த்துவார்கள்.

நான் தொடரவேண்டும் என்பவர்கள் என்று கேட்டதும் முதலில் எழுந்தது மத்தியாஸின் வில். பிறகு ஒரு சிறு காடு.

வேண்டாம் என்பவர்கள்? உல்ரிக்கவின் வில் ஒன்று. அவள் எழுந்து நின்றாள்.

"காரணம் சொல்லிறன்," என்றாள் ஜேர்மனில், என்னைப் பார்த்து. "நீங்கள் செம்பலோவிலை இருந்தபோது நாங்கள் சண்டைபிடிச்சம். வேகம் கூடவெண்டு, குறையவெண்டு. ஆனால் ஆர் தொடங்கிறதெண்டு தெரியும், நீங்கள் வாசிக்கிறது கேக்கும். இப்ப ஆரும் சண்டைபிடிக்கிறேல்லை. உங்களுக்கு ஒளிச்சு வந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு ஒத்திகை பாக்கினம். எனக்கு நீங்கள் போகவேண்டாம். நீங்கள் இருக்கவேணும். இருந்து வாசிக்கவேணும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பார்க்க ஒன்றுமில்லை.

நானும் சங்கத்தின் உறுப்பினன்தான். கையைத் தூக்கினேன்.

"எதுக்கு?" என்று மத்தியாஸ் கேட்டான்.

"உல்ரிக்க சொன்னதுக்கு."

உடனே பேச்சு மூண்டது. தன்னைத் தானே வேண்டாம் என்று ஒருவர் வாக்களிக்கலாமா? இது ஜேர்மனி. வயோலா வாசிக்கும் ஒருவர் வழக்கறிஞர். அவர் சங்கத்தின் விதிகளை யோசித்துப் பார்த்து, தடை எதுவும் இல்லை என்றார். இரண்டு வாக்கு எதிர். இருந்தாலும் பெரும்பான்மை என் பக்கம். நான்தான் தொடர்ந்து நடத்தவேண்டும்.

"அப்ப அங்கையிருந்து நடத்திறன்," என்று மூலையில் இருந்த செம்பலோவைக் காட்டினேன்.

உல்ரிக்க சிரிக்கவில்லை. வயலினை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மத்தியாஸ் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பழைய முறைப்படி செம்பலோவும் செலோவும் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும். செலோக்காரர் செம்பலோக்காரரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகத் தாளைப் பார்ப்பார். குழுவில் அதைவிட நெருங்கி இருக்கும் இருவர் கிடையாது. முன்னால் நின்றபோது எல்லோருடைய முகமும் எனக்குத் தெரிந்தது. இங்கே உட்கார்ந்தால் தெரியாத முகம் ஒன்றே ஒன்று, அவனுடையது.

உட்கார்ந்தேன். செம்பலோவின் விசைகள் குளிர்ந்திருந்தன. விரல்களைத் தேய்த்துச் சூடாக்கினேன். மண்டபம் அடங்கியது. என் காதுக்குப் பின்னால் மத்தியாஸ் மூச்சை இழுக்க ஆரம்பிப்பது கேட்டது.

அவன் இழுத்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. தொடங்கினேன்.